கயிற்றின் கீழ்நுனி

தில்லையம்பலத்தார் வீட்டு மூத்த ஆண்பிள்ளைகள், முந்திரிகை பழுக்கிற அன்று, தரையிலிருந்து இரண்டரை அடி எழும்புவார்கள். 1877ஆம் ஆண்டிலிருந்து அப்படித்தான். யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்று சொல்வது திராட்சையை. ஊரெழு என்ற கிராமத்தில் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பரப்பு நிலத்தில் தொடங்கி இருபது பரப்பு வரை பெருகிய தோட்டம் ஒன்றும், அதன் ஓரத்தில் வைன் வடிக்கிற கொட்டில் ஒன்றும் இருந்தன. கொடிகளைப் பந்தலில் படரவிட்டிருந்தார்கள். பந்தல் எட்டு அடி உயரம். ஏணி என்கிற சாமான் அந்த வளவுக்குள் வந்ததே இல்லை. பழம் பழுத்துவிட்டதா என்று வாயில் போட்டுப் பார்க்கிற வழக்கமோ, நசித்துப் பார்க்கிற வழக்கமோ அவர்களிடம் கிடையாது. மூத்தவர் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு பந்தலுக்குக் கீழே போய் நிற்பார். கால் தரையை விட்டால் பழம் தயார். விடாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் புட்டுச் சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் வருவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்கள் சுத்த சைவக்காரர். மீன் வெட்டிய கத்திகூட அந்த வாசல் படலையைத் தாண்டாது. 1874இல், தேவாலய வளவில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று வெட்டிக் கொடுத்த தில்லையம்பலத்தாருக்கு, அங்கிருந்த பிரெஞ்சுக்காரப் பாதிரியார் நன்றியாக ஒரு முந்திரிகைத் தடியைக் கொடுத்து, காய்த்தால் பூசைக்கு வைன் வடித்துத் தரும்படி கேட்டார். வடித்துத் தருவேன், குடிக்கமாட்டேன் என்றார் தில்லையம்பலத்தார். அந்த வாக்கை நாலு தலைமுறை காப்பாற்றியது. வடக்கில் இருந்த தேவாலயங்களில் பாதிக்கு வைன் கொடுத்த குடும்பத்தில், வைன் இனிக்குமா கசக்குமா என்று தெரிந்த ஆள் ஒருவர் இல்லை. பீப்பாயில் காதை வைத்துக் கேட்பார்கள். உள்ளே இரைச்சல் அடங்கி, மழை விட்ட பிறகு தாவாரம் சொட்டுகிற அளவுக்குச் சத்தம் வந்ததும் போத்தலில் அடைப்பார்கள். அடைத்த போத்தல் வெறும் போத்தலின் நிறைதான் இருக்கும். வெறும் போத்தலை ஏன் அனுப்புகிறீர்கள் என்று கொழும்பிலிருந்து இரண்டு முறை பெட்டி திரும்பி வந்ததாக ஒரு செய்தி உண்டு. வயதான பாதிரிமார் இந்த வைனையே கேட்டு வாங்கினார்கள். பூசையில் கிண்ணத்தை உயர்த்தும்போது தோள் நோகாது என்பது அவர்களுடைய கணக்கு.

முதல் அறுவடையில் ஒரு தவறு நடந்தது. பந்தலின் ஓரத்துக்கு வந்த தில்லையம்பலத்தாரைக் கச்சான் காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்து ஊர்ப் பனங்கூடலில் சிக்கியிருந்தவரை இறக்கி மாட்டு வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுத்த நாள் அவருடைய மனைவி ஒரு தும்புக் கயிற்றை அவர் இடுப்பில் கட்டி, மறுநுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, பந்தலுக்கு வெளியே வடமேற்கு மூலைக் காலடியில் நின்றாள். அன்று தொடங்கியது அந்த முறை. மூத்தவர் மேலே, மனைவி கீழே. வீட்டில் ஒரு கொப்பி இருந்தது. ஒவ்வொரு அறுவடைக்கும் யார் எழும்பினார், எத்தனை அடி, எத்தனை பீப்பாய் என்று அதில் எழுதி வைத்தார்கள். அதன் முதல் பக்கத்தில் தில்லையம்பலத்தார் தன் கையால் ஒரு விதி எழுதியிருந்தார். தொடர்ந்து மூன்று அறுவடைக்கு ஒருவரும் எழும்பாவிட்டால், கொடி நம்மை விட்டுப் போய்விட்டது என்று பொருள். அதை வேரோடு கிளப்பிவிட வேண்டும், சும்மா பெயருக்கு வைத்திருக்கக் கூடாது. மானஸ்தர். பேரர்களையும் மானஸ்தர்களாகவே வளர்த்துவிட்டுப் போனார், அதுதான் பிறகு வில்லங்கமாயிற்று.

அவருடைய எள்ளுப்பேரன் பாலேந்திரா 1986இல் லண்டனுக்கு வந்தான். தகப்பன் நவரத்தினம் அதற்கு முந்தைய வருடம் காலமாகியிருந்தார். தகப்பன் இருக்கும்வரை மகன் பந்தலுக்குள் நிற்பதில்லை என்பதால், பாலேந்திரா ஒரு நாளும் எழும்பிப் பார்த்தவன் அல்ல. சண்டையில் தோட்டம் போயிற்று, கொட்டில் போயிற்று. தாய் மங்கலம் இளைய மகனோடு டொரொண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தார். நூற்றுப்பத்து வருட வைன் குடும்பத்தில் மிஞ்சியது ஒரு கொப்பி, ஒரு வளைந்த கத்தி, ஒரு முழ நீளத் தடி. அந்தத் தடியை ஈரத் துணி சுற்றி, மடித்த குடைக்குள் வைத்துக்கொண்டு அவன் ஹீத்ரோவில் இறங்கினான். லண்டனுக்குக் குடையோடு வருகிறவனை எந்த அதிகாரி சந்தேகப்படப் போகிறான்.

தடி ஒரு பூந்தொட்டியில் ஏழு வாடகை அறைகளைப் பார்த்தது. 1994இல் கலியாணமாகிச் செல்வமலர் வந்து சேர்ந்தாள், தொட்டியைப் பார்த்துவிட்டு, “இது ஆர், உங்கட மூத்த தாரமோ?” என்று கேட்டாள். 2000ஆம் ஆண்டு, லண்டனின் தெற்கே மிச்சம் என்னும் பகுதியில், டிராம் பாதைக்கு ஐந்து நிமிட நடையில் ஒரு வீடு வாங்கினார்கள். அந்த வருடந்தான் குரொய்டனிலிருந்து விம்பிள்டனுக்கு டிராம் ஓடத் தொடங்கியது. பாலேந்திராவுக்கு அதில் ஓட்டுநர் வேலை. செல்வமலர் பிரதான வீதியில் ஒரு சலூனில் முடி வெட்டினாள். கொடியைப் பின்வளவில் இறக்கினார்கள். பக்கத்து வீட்டு டெரிக், கட்டடங்களுக்குச் சாரம் கட்டி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரன், தன் கராஜில் கிடந்த இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து ஒரு மத்தியானத்தில் பந்தல் போட்டுக் கொடுத்தான். கொடியை வேலிபோல நிமிர்த்திப் படரவிடுவதுதான் முறை, இப்படித் தலைக்கு மேலே கூரையாக விடுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். இதுதான் எங்கள் முறை என்றான் பாலேந்திரா. பழத்தை எப்படிப் பறிப்பாய் என்று டெரிக் கேட்டதற்கு, எழும்பி என்று பதில் சொன்னான். டெரிக் தலையாட்டினான். மற்றவர்களுடைய சமயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவனுடைய கொள்கை.

கொடியை வெட்டிவிடுகிற நாள் தைப்பூசம். ஊரில் மூத்தவர் அன்று வளைந்த கத்தியை எடுத்தால் மாசி முடியும்வரை தானே வெட்டுவார். கூலிக்கு வந்தவர்களைக் கொடியில் கை வைக்க விடுவதில்லை. லண்டனில் தைப்பூசத்தோடு ஒரு தொந்தரவு இருந்தது. லீவுக்கு ஒக்டோபரில் எழுதிக் கொடுக்க வேண்டும். பஞ்சாங்கம் கோயிலில் டிசம்பரில்தான் கிடைக்கும். ஒவ்வொரு வருடமும் பாலேந்திரா ஒரு நாளைக் குத்துமதிப்பாகப் போட்டு லீவு எடுப்பான், ஒவ்வொரு வருடமும் தைப்பூசம் வேறொரு நாளில் வரும். நாள் தப்பக் கூடாது என்று செல்வமலர் அன்று சலூனுக்குப் போகுமுன் கொடியை வெட்டிவிட்டாள். முதல் வருடம் தடி மெலிதாக இருந்தது, முடி வெட்டுகிற கத்தரிக்கோலே போதும். பிறகு டெரிக் தன்னுடைய தோட்டக் கத்தரியைக் கொடுத்தான். எங்கே கனம், எங்கே அடைசல், எதை எடுத்தால் மற்றது நன்றாக விழும் என்பது அவளுக்குக் கைவந்த கலை. பாலேந்திரா வேலையால் வந்து, சாமி அறையிலிருந்த வளைந்த கத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெட்டு முடிந்தது என்று கொப்பியில் எழுதுவான். யார் வெட்டியது என்று எழுதுகிற வழக்கம் அந்தக் கொப்பியில் இல்லை.

2003ஆம் ஆண்டின் வெயிலைப் பற்றி லண்டன்காரர் இன்றும் பேசுகிறார்கள். மிச்சத்தில் தார் இளகியது, மிச்சத்துப் பந்தலில் நாற்பத்தாறு குலை கறுத்தது. செப்டெம்பரில் ஒரு காலை பாலேந்திரா குளித்துத் திருநீறு பூசி, துணி காயப்போடுகிற நீல நைலோன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்தலுக்குக் கீழே போய் நின்றான். செல்வமலர் மறுநுனியைப் பிடித்தபடி வெளியே வடமேற்கு மூலைக் குழாயருகே நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் நின்றான். பதினான்கு நாள் நின்றான். ஷிப்டுக்குப் போகுமுன் சீருடையோடு நின்றான், வந்து பனியனோடு நின்றான். டெரிக் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். பழம் வெடித்துக் குளவி மொய்க்கத் தொடங்கியதும், தில்லையம்பலத்தார் சரித்திரத்தில் முதல் தடவையாக ஓர் ஏணி கொண்டுவரப்பட்டது. அந்தப் பதினான்கு நாளும் தன்னுடைய செருப்பு இரண்டும் அடிக்கடி காலிலிருந்து நழுவியதை செல்வமலர் கவனித்தாள். செருப்பு தேய்ந்துவிட்டது என்று நினைத்து ரூட்டிங் கடைத்தெருவில் புதிதாக ஒரு சோடி வாங்கினாள்.

அந்த வைனுக்காகக் காத்திருந்தவர் ஃபாதர் பெனடிக்ற். யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்க்காரர். தெற்கு லண்டனில் மாதம் ஒரு முறை தமிழில் பூசை வைக்கிறவர். எழுபத்திரண்டு வயது. வலது தோளில் மூட்டுவாதம். கிண்ணத்தை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியவில்லை. நெஞ்சளவில் காட்டிவிட்டு வைத்துவிடுவதைச் சனங்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள், அதுதான் அவருக்குப் பெரிய துக்கம். இளமையில் ஊரெழு வைனைத் தூக்கிய கை அது. பாலேந்திரா கொண்டுவந்த போத்தலை வாங்கியதும் அவருடைய முகம் மாறியதை அவன் பார்த்தான். போத்தல் போத்தலாகவே கனத்தது.

“வைன் நல்லாத்தான் இருக்கும் தம்பி. நான் பாவிப்பன். ஆனா இது அது இல்லை, என்ன?”

“இல்லை ஃபாதர்,” என்றான் பாலேந்திரா. “அது இல்லை.”

பிழை தன் உடம்பில்தான் என்று அவன் முடிவு கட்டினான். 2004 முழுக்க இரவுச் சோற்றை விட்டான். டிராமை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடினான். பதினொரு கிலோ குறைந்தான். கன்னம் ஒட்டியது, சாரதிகளின் அறையில் சுகமில்லையா என்று விசாரித்தார்கள். அவனுடைய தகப்பன் நவரத்தினம் இருநூற்றிருபது இறாத்தல் நிறையோடு பலூன்போல எழும்பினவர் என்பதை செல்வமலர் எடுத்துச் சொன்னாள், கேட்கவில்லை. அந்த செப்டெம்பரில் மோதிரத்தைக் கழற்றி வைத்தான், பெல்ற்றைக் கழற்றி வைத்தான், கடைசி நாள் பொக்கெற்றில் இருந்த வீட்டுத் திறப்புக் கொத்தையும் எடுத்து செல்வமலரிடம் கொடுத்தான். கால் மண்ணிலேயே இருந்தது. இரண்டாம் வருடமும் ஏணி. டொரொண்டோவிலிருந்து தாய் தொலைபேசியில் கேட்டபோது, பழம் நல்லது அம்மா என்று மட்டும் சொன்னான்.

2005 மூன்றாவது அறுவடை. தில்லையம்பலத்தாரின் விதி தெளிவாக இருந்தது, பாலேந்திராவும் தில்லையம்பலத்தாரின் எள்ளுப்பேரனாக இருந்தான்.  இரண்டு வாரம் நின்றான். பதினேழாம் திகதி சனிக்கிழமை காலை, கடைசி நாள் என்று அவனே வைத்துக்கொண்ட நாள், ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை பந்தலின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். புல்லில் அவனுடைய இரண்டு பாதமும் ஆழமாகப் பதிந்தன. பிறகு இடுப்புக் கயிற்றை அவிழ்க்கக்கூட மறந்து, பின்வளவுக் கொட்டிலுக்குள் மண்வெட்டியைத் தேடிப் போனான். குடைக்குள் வந்த தடி, ஏழு அறை பார்த்த தடி, அதைத் தன் கையாலேயே கிளப்பப் போவதை நினைத்து உள்ளே போனவன் ஒரு நிமிடம் குந்தியிருந்து அழுதான். அழுதுவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

 செல்வமலர் காரியக்காரி. கொடி போவது போகட்டும், பழுத்த பழத்தை ஏன் மண்ணில் விடவேண்டும் என்று ஒரு பிளாஸ்ரிக் கூடையை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனாள். அந்தக் குடும்பத்துப் பெண்ணொருத்தி பழம் பழுத்த நாளில் பந்தலுக்குள் கால் வைத்தது நூற்றிருபத்தெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. தடை ஒன்றும் இருக்கவில்லை. அவர்களுக்கு வெளியே வேலை இருந்தது, அவ்வளவுதான். ஒரு குலையை எட்டிப் பிடிக்கப் போனாள், எட்டவில்லை, பிறகு எட்டியது, பிறகு குலை அவளுடைய மூக்குக்கு நேரே வந்தது. குனிந்து பார்த்தாள். புதுச் செருப்பு இரண்டும் புல்லில் கிடந்தன.

“இஞ்சேருங்கோ,” என்று கூப்பிட்டாள், பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில். “ஒருக்கா வெளியில வாறியளோ?”

மண்வெட்டியோடு வெளியே வந்த பாலேந்திரா கண்டது, தன்னுடைய தொடையளவு உயரத்தில் இரண்டு வெறுங்கால்களை. அவனுக்கு முதலில் வந்தது பொறாமை. அதை மறைப்பதில் பயனில்லை. அவனே பிறகு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். மூன்று வருடம் நின்றவன் நான், பதினொரு கிலோ குறைத்தவன் நான், எழும்புகிறது இவள். அந்த எண்ணம் முடிகிறதற்குள் ஒரு காற்று வந்தது, செல்வமலர் பந்தலின் ஓரத்தை நோக்கி மெல்ல நகர்ந்தாள், டிராம் கம்பிகள் இருக்கிற பக்கமாக. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். தன் இடுப்பிலிருந்த கயிற்றின் மறுநுனியை எறிந்தான். அவள் அதைப் பிடித்து இடுப்பைச் சுற்றி இறுக்கினாள். அவன் தன் முடிச்சை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, தன்னையறியாமலே வெளியே போய் வடமேற்கு மூலைக் குழாயருகே நின்றான்.

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு இருமல் கேட்டது. டெரிக். வேலிக்கு மேலே அவனுடைய நெற்றிதான் வழக்கமாகத் தெரியும். இன்றைக்குத் தோள் வரை தெரிந்தது. கையில் தேநீர்க் கோப்பை. ஏதோ சரியில்லை என்று நினைக்கிறேன் என்றான். சாரம் கட்டியவன், எழும்பிய உயரத்தைத் தானே அளந்துவிட்டிருந்தான்: ஏழு அங்குலம். இவன் எந்த ஊர்த் தில்லையம்பலத்தாருக்குப் பேரன் என்று பாலேந்திரா வாயைப் பிளந்துகொண்டு நிற்க, செல்வமலர் மேலேயிருந்து கேட்டாள்:

“டெரிக், எங்கட கொடியில எதையும் வெட்டினீங்களோ?”

டெரிக் சிவந்துபோனான். தை மாதத்தில் தன் பக்கம் தொங்கிய ஒரு கொப்பைக் கேட்காமல் வெட்டியதாகவும், சொல்லவேண்டும் என்றிருந்து மறந்துவிட்டதாகவும், மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னான்.

“ஒரு கொப்புக்கு ஏழு அங்குலம்,” என்றாள் செல்வமலர். “மிச்சம் முழுக்க வெட்டினது நான். இது ரத்தத்தில வாறதில்லையப்பா. ஆர் வெட்டினதோ அவரைத்தான் கொடி தூக்குது.”

நாலு தலைமுறையாக மூத்தவர்களே வெட்டினார்கள், மூத்தவர்களே எழும்பினார்கள். பரம்பரை பரம்பரை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவர்களில் ஒருவராவது கத்தியை இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்த்திருந்தால், விஷயம் 1880இலேயே வெளியில் வந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் கத்தியை அப்படிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. பாலேந்திரா உள்ளே போகாமலே கொப்பியின் முதல் பக்கத்தை நினைத்துப் பார்த்தான். ‘ஒருவரும்’ என்றுதான் தில்லையம்பலத்தார் எழுதியிருந்தார். ஆண்கள் என்றோ, எங்கள் இரத்தம் என்றோ எழுதவில்லை. கொடி விட்டுப் போகவில்லை. அவன் மண்வெட்டியைக் காலால் தள்ளி அப்பால் விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் மெல்ல மெல்லத்தான் விளங்கிக்கொண்டான். செல்வமலர் குலை குலையாகப் பறித்துக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள். நைலோன் கயிறு அவனுடைய உள்ளங்கையில் மெல்ல இழுபட்டது. இழுபடும்போது அதோடு வேறு ஏதோவும் வந்தது. நாலு மணிக்கு ஒரு பாட்டிக்குத் தலைச்சாயம் பூச வேண்டும் என்று வந்தது. அடுப்பில் பருப்பை அணைத்தேனா என்று வந்தது. இந்த மனிசன் மெலிந்து முகம் செத்துப்போயிற்று, இன்றைக்காவது வயிறு நிறையச் சோறு போடவேண்டும் என்று வந்தது. மேலேயிருந்து பார்த்தால் இந்த வளவு எவ்வளவு வடிவு, ஐந்து வருடமாக இதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன், எனக்கு இந்த வீட்டில் நல்ல சந்தோஷம் என்று வந்தது. சொற்களாக அல்ல, உள்ளங்கைச் சூடுபோல. பாலேந்திரா கயிற்றை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். பொறாமை எந்த நிமிடத்தில் போனது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

அன்று பின்னேரம் டொரொண்டோவுக்குத் தொலைபேசி எடுத்தான். எழும்பியதைச் சொன்னான், டெரிக்கைச் சொன்னான். மங்கலம் இரண்டுக்கும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

“அம்மா, கயிறு பிடிக்கேக்க உங்களுக்கு ஏதும் தெரியிறதோ?”

 அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

“நூறு வருசத்துக்குப் பிறகு ஒரு ஆம்பிளை இதைக் கேக்கிறான். ஓமடா, எல்லாம் தெரியும். உன்ர அப்பா மேல நிண்டு முழுக்கச் சாப்பாட்டைத்தான் நினைக்கிறவர். மத்தியானத்துக்குக் கத்தரிக்காயோ வாழைக்காயோ எண்டு. எழுபத்திரண்டாம் ஆண்டு ஒரே ஒரு நாள், அரை மணித்தியாலம், என்னை நினைச்சவர். அது எனக்குக் காலத்துக்கும் காணும்.”

2005இன் வைன், பின்வளவுக் கொட்டிலில் இருந்த பீப்பாயில் ஐந்து மாதம் இரைந்து, தாவாரம் சொட்டுகிற சத்தத்துக்கு வந்தது. முப்பத்தொரு போத்தல். சமையலறைத் தராசில் வெறும் போத்தலையும் நிறைந்த போத்தலையும் மாறி மாறி வைத்தார்கள், முள் ஒரே இடத்தில் நின்றது. ஈஸ்டர் என்கிற உயிர்த்த ஞாயிறன்று ஃபாதர் பெனடிக்ற் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தார். அது நெஞ்சைத் தாண்டியது, முகத்தைத் தாண்டியது, கை முழுதாக நிமிர்ந்தது. வழக்கத்தை விட நீண்ட நேரம் அங்கேயே வைத்திருந்தார். கடைசி வாங்குப் பலகையில் வேட்டியோடு இருந்த பாலேந்திரா அதைப் பார்த்து மூக்கை உறிஞ்சினான். பூசை முடிந்து வாசலில் நின்றபோது ஃபாதர் அவனுடைய கையைப் பிடித்து, “தம்பி, இது அதுதான்,” என்றார். அவன் ஒரு துளியும் ருசி பார்க்கவில்லை. வாக்கு வாக்குத்தான்.

அதற்கு இரண்டு மாதம் முந்தி, 2006இன் தைப்பூசத்துக்கு பாலேந்திரா முதல் தடவையாகச் சரியான நாளில் லீவு எடுத்தான். பஞ்சாங்கத்துக்குக் காத்திராமல் மூன்று நாள் சேர்த்துக் கேட்டிருந்தான். காலையில் குளித்து, வளைந்த கத்தியை எடுத்துக்கொண்டு கொடிக்கு முன்னால் நின்றான். செல்வமலர் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். அவன் வெட்டட்டும் என்று மனதாரத்தான் நின்றாள். இந்த வருடம் வெட்டினால் வருகிற செப்டெம்பரில் எழும்பலாம். தகப்பனைப்போல, பாட்டனைப்போல. இருபது வருடமாக வேண்டியது அதுதான். வெட்டினால் கயிறு அவள் கைக்குப் போகும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. மேலே நின்று தான் என்ன நினைப்பான் என்று யோசித்துப் பார்த்தான். அநேகமாகச் சாப்பாட்டைத்தான்.

“நீரே வெட்டும் மலர்,” என்றான். “நான் பிடிக்கிறன்.”

“மனசோட சொல்லுறியளோ?”

“ஓம். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.”

கத்தியை அவளிடம் கொடுத்தான். அவள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, மொட்டையாகக் கிடக்கிறது என்று சாமி அறையில் வைத்துவிட்டு, தோட்டக் கத்தரியோடு வந்தாள். டெரிக்குக்கு அவன் பக்கத்துக் கொப்பை விட்டுக் கொடுத்தார்கள். வருடத்தில் இரண்டு வாரம் ஏழு அங்குலம் உயர்ந்திருப்பது முழங்கால் நோவுக்கு நல்லது என்று அவன் சொன்னான். அந்தக் கோடையில் கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்து பந்தலின் உயரத்தை அளந்தார். அளவு சட்டத்துக்குள் இருந்தது. கயிற்றின் உறுதியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், தோட்ட வேலை என்று எழுதிக்கொண்டு போனார்.

கொப்பியில் பாலேந்திரா ஒரு மாற்றம் செய்தான். 2005க்கு நேரே எழும்பியவர் செல்வமலர் என்று எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, பிடித்தவர் பாலேந்திரா என்று எழுதினான். எழுதிய பிறகுதான் உறைத்தது: முன்னால் இருந்த அத்தனை பக்கத்திலும் பிடித்தவர் பெயரே இல்லை. டொரொண்டோவுக்கு எடுத்துக் கேட்டுக் கேட்டு நிரப்பினான். நவரத்தினத்தைப் பிடித்தவர் மங்கலம். பாட்டன் குலசேகரத்தைப் பிடித்தவர் லலிதா. அதற்கு முந்தையவரின் பெயரைத் தாயே இரண்டு நாள் யோசித்துச் சொன்னார். முதலாவது பெயர்தான் கிடைக்கவில்லை. முதல் அறுவடைக்கு அடுத்த நாள் தும்புக் கயிற்றை எடுத்துக் கட்டினாளே, அந்தப் பெண். அவளை ‘மனைவி’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தார் தில்லையம்பலத்தார். கயிறு கண்டுபிடித்தவளின் இடம் வெறுமையாகக் கிடப்பது பாலேந்திராவை உறுத்தியது. மங்கலம் தனக்குத் தெரிந்த கிழடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார், ஒஸ்ரேலியா வரைக்கும்.

2007 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, செல்வமலர் இரண்டரை அடி எழும்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம் டெரிக்கும் தன் ஏழு அங்குலத்துக்கு எழும்பி, தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டு, பின்னேரம் மழை வரும் என்று சொன்னான். பாலேந்திரா வடமேற்கு மூலையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றான். முதல் கூடை நிறைகிற நேரத்தில் பொக்கெற்றில் தொலைபேசி அடித்தது. ஒரு கையால் எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டான். மங்கலம், டொரொண்டோவில் விடியப்புறமே நித்திரை விட்டு எழும்பியிருந்தார்.

“கிடைச்சிட்டுது,” என்றார். “எழுதிக்கொள்ளு.”

எழுதக் கை இல்லை. இரண்டு கையிலும் கயிறு இருந்தது, காற்றும் கொஞ்சம் இருந்தது. அவன் மேலே பார்த்தான்.

“மலர், ஒரு பேர் சொல்லுறன். மறக்காமல் வைச்சிரும்.”

“சொல்லுங்கோ.”

“கதிராசி.”

“கதிராசி,” என்று திருப்பிச் சொன்னாள் செல்வமலர், ஒரு குலையை அறுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு. அவள் அந்தப் பெயரை இன்னும் இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தது கயிறு வழியாக அவனுக்கு வந்தது. “நல்ல பேர். இறுக்கிப் பிடியுங்கோ, காத்து வருது.”

அவன் இறுக்கிப் பிடித்தான். பத்தரை மணிக்குள் ஏழு கூடை இறங்கியது.